காலை 5 மணிக்கு நேற்றைய தேதி: வேர்ட்பிரஸ் பிளகின் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டிக்கு அன்றாட விலையைப் போடுகிற பிளகின் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். சொந்த சர்வரில் இணையதளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள், அதன்மேல் துணை நிரலாக நம் பிளகின். கிருஷ்ணகிரியில் என் மேஜையில் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. மண்டிக்குப் போன முதல் வாரமே போன் வந்தது.

"என்ன தம்பி, இன்னைக்கு ரேட்டைப் போட்டா நேத்து தேதியில போய் உக்காருது?"

"பகல்ல சரியா வந்துச்சேண்ணா."

"பகல்ல யாருப்பா ரேட்டு பாக்கறாங்க? பகலுக்குள்ள லோடு கிளம்பிப் போயிடுமே."

அவர் சொன்னது நியாயம். நான் சோதித்தது காலை 11 மணிக்கு, 'டெஸ்ட் 1', 'டெஸ்ட் 2' என்று ஆங்கிலத்தில் தட்டி. மண்டியில் விலை ஏறுவது விடிவதற்கு முன்னால், ஊர்ப் பெயரும் ரகப் பெயரும் தமிழில். அடுத்த சில மாதங்களில் வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வித்தியாசத்திலிருந்தே முளைத்தன. அதனால் கீழே அவற்றுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன், மற்றவற்றுக்குக் கொஞ்சம்தான்.

ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோட் எழுதும்போது இடைவெளி உள்ள இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் முதலில் லாக்

டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் மூன்று வரி சேருங்கள்: 'டபிள்யூபி டீபக்' ட்ரூ, 'டபிள்யூபி டீபக் லாக்' ட்ரூ, 'டபிள்யூபி டீபக் டிஸ்ப்ளே' ஃபால்ஸ். அந்தக் கோப்பில் 'இதோடு எடிட்டிங்கை நிறுத்துங்கள்' என்ற பொருளில் ஆங்கிலக் குறிப்பு ஒன்று இருக்கும். மூன்று வரியும் அதற்கு மேலே வர வேண்டும். கீழே போட்டால் பலிக்காது. பிழைகள் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் டீபக் டாட் லாக் என்ற கோப்பில் சேரும். சும்மா விட்டால் அந்தக் கோப்பை வெளியாட்களும் பிரவுசரில் திறந்து படித்துவிடுவார்கள். 5.1 பதிப்பிலிருந்து 'ட்ரூ'வுக்குப் பதிலாகக் கோப்பின் பாதையையே கொடுக்கலாம். வெப் ஃபோல்டருக்கு வெளியே ஓர் இடத்தைக் கொடுத்துவிடுங்கள்.

லாக்கில் விழும் நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். காலை 5:10க்கு நடந்தது முந்தைய நாள் 23:40 என்று பதிவாகியிருக்கும். இது தெரியாமல் அன்றைய தேதியைத் தேடிவிட்டு, 'லாக் சுத்தமாக இருக்கிறது' என்று நான் ஒரு முழு நாளைத் தொலைத்தேன்.

காலையில் போட்டது நேற்றைய தேதியில் விழுகிறது

வேர்ட்பிரஸ் எழும்போதே, தான் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் நேர மண்டலத்தை யூடிசிக்கு மாற்றிவிடும். செட்டிங்ஸில் கொல்கத்தா என்று தேர்ந்தெடுத்திருந்தாலும், வெறும் 'டேட்' ஃபங்ஷனைக் கூப்பிட்டால் கிடைப்பது யூடிசி தேதிதான். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. ஆக நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை அங்கே இன்னும் நேற்று. 5:31க்குப் போட்டால் சரியாக விழும். மண்டிக்காரர் "சில நாள் சரியா வருது, சில நாள் வரல" என்று சொன்னது இதனால்தான். நான் அவர்தான் தேதியைத் தப்பாகத் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீர்வு: 'டேட்' வருகிற இடத்திலெல்லாம் 'டபிள்யூபி டேட்' போடுங்கள். 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து இருக்கிறது, செட்டிங்ஸில் உள்ள மண்டலத்தை மதிக்கும். டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்க்யூஎல் வரிக்குள் 'கர்டேட்', 'நவ்' என்று எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அவை டேட்டாபேஸ் சர்வரின் கடிகாரத்தைப் பார்ப்பவை, அதுவும் பெரும்பாலும் யூடிசியிலேயே இருக்கும். தேதியைப் பிஎச்பி பக்கம் கணக்கிட்டு உள்ளே அனுப்புவதே பத்திரம்.

ஏற்கெனவே தப்பாக விழுந்தவற்றை என்ன செய்வது? நான் பதிவான முழு நேரத்தையும் தனி ஃபீல்டில் வைத்திருந்தேன். அதோடு 5:30ஐக் கூட்டித் தேதியைத் திரும்ப எடுத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. வெறும் தேதி மட்டும் இருந்திருந்தால், எது விடிகாலைப் பதிவு, எது பகல் பதிவு என்று பிரிக்கவே முடியாது. மண்டியின் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியதுதான்.

இதைச் சோதிக்க அலாரம் வைத்து எழ வேண்டாம். 'டபிள்யூபி டேட்' இரண்டாவது உள்ளீடாக ஒரு டைம்ஸ்டாம்பை (நேரத்தை ஒரே எண்ணாகக் குறிப்பது) வாங்கிக்கொள்ளும். காலை 4:50க்கு உரிய எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

4 மணிக்கு ஓட வேண்டிய வேலை ஓடவில்லை, அல்லது 9:30க்கு ஓடுகிறது

இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

ஓடவே இல்லை என்றால்: குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வேர்ட்பிரஸின் கிரானுக்குத் தனிக் கடிகாரம் கிடையாது. யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் 'ஏதாவது வேலை பாக்கி இருக்கிறதா' என்று அது பார்க்கும். விடிகாலை 4 மணிக்கு யார் திறக்கப்போகிறார்கள்? கேஷ் பிளகின் இருந்தால் இன்னும் மோசம், ஆள் வந்தாலும் சேமித்து வைத்த பக்கத்தைக் கொடுத்தனுப்பிவிடும், பிஎச்பி எழுந்தே இருக்காது. 'டிசேபிள் டபிள்யூபி கிரான்' என்பதை ட்ரூ ஆக்கிவிட்டு, சர்வரின் வேலை அட்டவணையான கிரான்டேபில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை டபிள்யூபி-கிரான் கோப்பைக் கூப்பிட வைத்தால் தீர்ந்தது.

9:30க்கு ஓடுகிறது என்றால்: 'ஸ்ட்ர்டுடைம்' ஃபங்ஷனுக்கு 04:00 என்று கொடுத்திருப்பீர்கள். அது யூடிசி 4 மணி, நமக்கு 9:30. சர்வர் யூடிசியில் இருந்தால் கிரான்டேபில் 4 என்று எழுதினாலும் இதே கதைதான்.

ஒரே வேலை இரண்டு மூன்று தடவை ஓடினால், பிளகினை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக வரிசையில் சேர்க்கிறீர்கள். சேர்க்கும் முன் 'டபிள்யூபி நெக்ஸ்ட் ஷெட்யூல்ட்' கேட்டுப் பாருங்கள். பிளகினை நிறுத்தும்போது வரிசையிலிருந்து எடுத்தும் விடுங்கள்.

ஊர்ப் பெயருக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறி

இதற்குள் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. 'கிருஷ்ணகிரி' என்பதில் நம் கண்ணுக்கு 6 எழுத்து: கி, ரு, ஷ், ண, கி, ரி. யூனிகோடுக்கு அது 11 குறியீடு, ஏனென்றால் கொக்கியும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். குறியீடுகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஆக 33 பைட். 6, 11, 33. தமிழ்ப் பெயர்களைக் கையாளும் பிளகினில் வருகிற கோளாறுகள் பலவும் இந்த மூன்று எண்களில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

என் டேபிளில் கிருஷ்ணகிரி இருந்த இடத்தில் 11 கேள்விக்குறி இருந்தது. குறியீட்டுக்கு ஒன்று. எண்ணிப் பார்த்ததும் புரிந்துவிட்டது: டேபிள், தமிழுக்கு இடமில்லாத குறியாக்கமான லத்தீன்-1இல் உருவாகியிருக்கிறது, தெரியாத குறியீடு ஒவ்வொன்றையும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் கேள்விக்குறியாக்கிவிட்டது. வேர்ட்பிரஸின் சொந்த டேபிள்கள் 2015-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து, தமிழும் கொள்ளும் யூடிஎஃப்8எம்பி4. ஆனால் நம் பிளகின் உருவாக்கும் டேபிளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். 'கிரியேட் டேபிள்' வரியின் முடிவில் 'கெட் சார்செட் கொலேட்' தருவதை ஒட்டாமல் விட்டால், டேட்டாபேஸின் இயல்பு எதுவோ அது ஏறிக்கொள்ளும்.

ஒட்டி, டேபிளை மாற்றியமைத்தால் இனி வருபவை சரியாகும். பழைய கேள்விக்குறிகள் திரும்பாது, உண்மையிலேயே கேள்விக்குறியைத்தான் அது சேமித்து வைத்திருக்கிறது. பேக்கப் இருந்தால் அங்கே தேடுங்கள்.

கேள்விக்குறி இல்லாமல், மேலே சாய்கோடு போட்ட சின்ன 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வருகிறதா? பயப்பட வேண்டாம், அது நல்ல சேதி. தமிழ்க் குறியீடுகள் பலவற்றின் முதல் இரண்டு பைட்டை லத்தீன்-1ஆகப் படித்தால் அப்படித்தான் தெரியும். பைட்கள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கிறவன்தான் தப்பாகப் படிக்கிறான். பேக்கப் எடுத்துக்கொண்டு அந்த ஃபீல்டை முதலில் பைனரியாகவும், பிறகு யூடிஎஃப்8எம்பி4 ஆகவும் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இரண்டு தடவை குறியாக்கம் ஆகியிருக்கிறது, அதே பாதையில் ஒரு தடவை திரும்ப வர வேண்டும்.

சில ஊர்ப் பெயர் பதிவாகிறது, சில ஊர்ப் பெயர் பதிவாவதே இல்லை

'சூளகிரி' போகிறது, 'கிருஷ்ணகிரி' போகவில்லை. இன்னொரு டேபிளில் ஊர்ப் பெயர் ஃபீல்டுக்கு நான் வைத்திருந்த நீளம் 10. ஆறெழுத்துதானே என்று தாராளமாக வைத்ததாக நினைப்பு. டேட்டாபேஸ் எண்ணுவது 11. நீளம் மீறினால் வேர்ட்பிரஸின் 'இன்சர்ட்' வெட்டிச் சேமிப்பதில்லை, முழு வரிசையையும் நிராகரித்து ஃபால்ஸ் என்று திருப்பும். திரையில் எதுவும் காட்டாது. ஃபால்ஸ் வருகிறதா என்று பார்க்காமல் 'சேமிக்கப்பட்டது' என்று பச்சைப் பட்டை காட்டியது என் கோட்.

ஃபீல்டு நீளத்தைக் கண்ணால் எண்ணிய எழுத்தைப்போல் மூன்று மடங்கு வையுங்கள், இடத்துக்குப் பஞ்சமில்லை. 'டிபிடெல்டா' மூலம் மாற்றுவதாக இருந்தால் அதன் முரண்டுகளையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒவ்வொரு ஃபீல்டும் தனி வரியில் இருக்க வேண்டும், 'பிரைமரி கீ' என்பதற்கும் அடைப்புக்குறிக்கும் இடையே சரியாக இரண்டு இடைவெளி வேண்டும். எனக்கும் முதலில் இது வேடிக்கையாகத்தான் பட்டது.

பட்டியலில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி

டேட்டாபேஸில் பெயர் இருக்கிறது, பக்கத்தில் வெற்றிடம். நீளமான பெயரை 'சப்ஸ்ட்ர்' வைத்து 10 பைட்டில் வெட்டியிருந்தேன். 10 பைட் என்றால் மூன்று குறியீடும் நாலாவதன் மூன்றில் ஒரு பங்கும். அந்த ஒற்றை பைட் செல்லாத யூடிஎஃப்-8. அதை 'இஎஸ்சி எச்டிஎம்எல்' வழியாக அனுப்பினால், செல்லாத பைட் ஒன்று இருந்தாலே அது முழுச் சரத்தையும் காலியாக்கித் திருப்பிவிடும். 9 என்றோ 12 என்றோ வைத்திருந்தால் தற்செயலாகத் தப்பித்திருப்பேன்.

'எம்பி சப்ஸ்ட்ர்' போட்டால் வெற்றிடம் போய்விடும். ஆனால் அது குறியீட்டை எண்ணும், எழுத்தை அல்ல. மூன்று என்றால் 'கிர' வரும், 'கிரு' வராது. எழுத்தாக வெட்ட 'கிராஃபீம் சப்ஸ்ட்ர்' இருக்கிறது, அதற்கு சர்வரில் 'ஐஎன்டிஎல்' என்ற பிஎச்பி எக்ஸ்டென்ஷன் வேண்டும். நான் கடைசியில் வெட்டுவதையே விட்டுவிட்டேன். முழுப் பெயரையும் அனுப்பி, இடத்துக்குத் தக்கபடி மறைக்கிற வேலையை, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் ஒப்படைத்துவிட்டேன்.

தினசரிப் பக்கங்களின் முகவரி எல்லாம் ஒரே மாதிரி, பின்னால் 2, 3, 4

'ராயக்கோட்டை தக்காளி விலை' என்று தொடங்கி முடிவில் தேதி போட்டு நாளுக்கொரு பதிவு. முகவரியில் தேதியைக் காணோம். வேர்ட்பிரஸ் முகவரித் துணுக்குக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். தமிழ்க் குறியீடு ஒன்று அங்கே சதவீதக் குறிகளோடு 9 இடம் பிடிக்கும். அந்த மூன்று சொல்லில் 22 குறியீடு, 198 இடம். நடுவே இரண்டு சிறு கோடு. சரியாக 200, தேதிக்கு இடமே இல்லை. மறுநாள் அதே முகவரி வரும்போது பின்னால் '-2' ஒட்ட இடம் வேண்டுமே, அதற்காகக் கடைசிக் குறியீட்டைப் பிடுங்கிவிடும். 'விலை' போய் 'வில' ஆகிவிடும். மண்டிக்காரர் பையன்தான் இதைக் கண்டுபிடித்துச் சிரித்தான்.

பதிவை உருவாக்கும்போதே 'போஸ்ட் நேம்' என்பதில் ஆங்கில எழுத்தில் ஊரும் தேதியும் கொடுத்துவிடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

ஆன் செய்ததும் '3 எழுத்து எதிர்பாராத வெளியீடு' என்கிறது

கோட்டை எத்தனை தடவை படித்தாலும் அந்த 3 எழுத்து கண்ணில் படாது. கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட் உட்கார்ந்திருக்கிறது. பழைய விண்டோஸ் நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தால் அதுவாகச் சேரும், 2019-இல் வந்த 1903 பதிப்பிலிருந்து இயல்பாகச் சேர்ப்பதில்லை. எடிட்டரில் 'பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8' என்று மாற்றிச் சேமியுங்கள். 6 என்று சொன்னால் இரண்டு கோப்பில் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். வேறு எண்ணாக இருந்தால், பிஎச்பி தொடங்கும் குறிக்கு முன்னாலோ முடியும் குறிக்குப் பின்னாலோ காலி வரி கிடக்கிறதா என்று பாருங்கள். முடியும் குறியைப் போடாமலே விடுவது நல்லது. 'ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதே மருந்து.

தளமே திறக்கவில்லை

2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் இப்படிப்பட்ட நேரத்தில் அட்மினுக்கு ஒரு மீட்பு இணைப்பை மெயிலில் அனுப்பும். சொந்த சர்வரில் மெயில் அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறோமா? செய்திருக்க மாட்டோம். எஸ்எஸ்எச்சிலோ ஃபைல் மேனேஜரிலோ போய் பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், தளம் எழுந்துவிடும். பிறகு அட்மினில் பிளகின்கள் பக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டுத்தான் பழைய பெயரைத் திரும்ப வைக்க வேண்டும். அந்தப் பக்கம் திறந்தால்தான் 'கோப்பைக் காணோம்' என்று அதை நிறுத்தி வைக்கும். திறக்காமல் பெயரை மாற்றினால் பழையபடி ஆன் ஆகி மறுபடி தளத்தைச் சாய்க்கும்.

உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடி சர்வரில் மட்டும் சாய்ந்தால், கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். லினக்ஸுக்கு இரண்டும் வேறு. 'உள்ளீடு போதவில்லை, 1 வந்தது, 2 தேவை' என்று லாக் சொன்னால், 'ஆட் ஆக்‌ஷன்' அல்லது 'ஆட் ஃபில்டர்' வரியில் நாலாவதாக 2 என்று சேர்க்க மறந்திருக்கிறீர்கள். சொல்லாவிட்டால் ஒன்றுதான் தரும்.

பட்டனை அழுத்தினால் 0 வருகிறது, அல்லது -1

0 என்றால், பக்கத்தை மறுபடி திறக்காமல் சர்வரிடம் பேசும் அஜாக்ஸ் உங்கள் ஃபங்ஷனைக் கண்டுபிடிக்கவில்லை. அட்மினாக நுழைந்திருக்கும்போது ஓடி, மற்றவர்களுக்கு 0 வந்தால் உள்நுழையாதவர்களுக்கான 'நோபிரிவ்' ஹூக்கைச் சேர்க்கவில்லை. விடையோடு ஒட்டிக்கொண்டு ஒரு 0 வந்தால் முடிவில் 'டபிள்யூபி டை' இல்லை.

-1 என்றால் நான்ஸ் (கோரிக்கை நம் பக்கத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் தற்காலிகக் குறி) செல்லவில்லை. நான்ஸின் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். கேஷ் பிளகின் பக்கத்தை இரண்டு நாள் வைத்திருந்தால், அதற்குள் இருக்கும் நான்ஸ் செத்துப்போயிருக்கும். கேஷை 12 மணி நேரத்துக்குள் குறையுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வெறுமனே விலையைக் காட்டுகிற பட்டனுக்கு நான்ஸ் எதற்கு? எதையாவது மாற்றுகிற வேலைக்குத்தான் அது வேண்டும். நான் பட்டியல் பட்டனிலிருந்து எடுத்துவிட்டேன், விலை பதியும் படிவத்தில் மட்டும் வைத்திருக்கிறேன்.

சேமிக்கச் சேமிக்கப் பின்சாய்கோடு பெருகுகிறது

இது தக்காளியில் வரவில்லை, மாங்கன்றில் வந்தது. சந்தூர் பக்கம் ஒரு நர்சரிக்கு இதே பிளகினை மாற்றிக் கொடுத்தேன். செந்தூரா ஒட்டுக் கன்று, உயரம் 3 அடி என்பதை அவர்கள் எண்ணுக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் போட்டு எழுதுவார்கள். முதல் தடவை சேமித்ததும் அதன்முன் ஒரு பின்சாய்கோடு. திருத்திச் சேமித்தால் மூன்று, அடுத்து ஏழு. படிவத்திலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் வேர்ட்பிரஸ் தானாகப் பின்சாய்கோடு சேர்த்துத்தான் தரும். வாங்கியவுடன் 'டபிள்யூபி அன்ஸ்லாஷ்' செய்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். 'அப்டேட் போஸ்ட் மெட்டா' மட்டும் தானே ஒருமுறை உரித்துவிடும். உள்ளேயே பின்சாய்கோடு உள்ள சரத்தை அதற்குக் கொடுப்பதானால் 'டபிள்யூபி ஸ்லாஷ்' செய்து கொடுக்க வேண்டும்.

புது வகைப் பதிவின் பக்கங்கள் 404 (பக்கம் இல்லை)

செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்தைத் திறந்து ஒன்றும் மாற்றாமல் சேமியுங்கள். பிளகினே செய்ய வேண்டுமென்றால், ஆன் ஆகும்போது முதலில் பதிவு வகையை அறிவித்துவிட்டு அப்புறம் 'ஃபிளஷ் ரீரைட் ரூல்ஸ்'. ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் அதைக் கூப்பிடாதீர்கள், சர்வர் திணறும்.

உங்கள் பிளகினுக்கு நீங்கள் போடாத அப்டேட் வந்திருக்கிறது

அழுத்தாதீர்கள். உங்கள் ஃபோல்டர் பெயரில் வேர்ட்பிரஸ் பொது இருப்பில் வேறொருவரின் பிளகின் இருக்கிறது, அப்டேட் கொடுத்தால் உங்கள் கோட் போய் அவருடையது உட்கார்ந்துகொள்ளும். 2021-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து கோப்பின் தலைக்குறிப்பில் 'அப்டேட் யூஆர்ஐ' என்று ஒரு வரி சேர்க்கலாம். அதில் உங்கள் சொந்த டொமைன் முகவரியைக் கொடுத்தால் பொது இருப்பிலிருந்து எதுவும் வந்து மேலே ஏறாது. நான் அதோடு ஃபோல்டர் பெயரையும் மாற்றினேன். மாற்றியதும் பிளகின் நின்றுபோனதாகக் காட்டும், மறுபடி ஆன் செய்ய வேண்டும். அந்த வேலையை மண்டி அடங்கிய பிறகு, பிற்பகலில் வைத்துக்கொண்டேன்.